பேகத்தின் அலகு

சியாகோல் குளக்குடில்
ஆஸர் மாதம் 20

அக்கா குல்பஹாருக்கு,

சலாம். நீ நலமாகத்தான் இருப்பாய், பரிசு வாங்கியவர்களுக்கு என்ன குறை? நான் பதினோரு நாளாக இந்த நாணல் குடிலுக்குள் உட்கார்ந்திருக்கிறேன். வசந்தத்தில் நவ்ரூஸ் புத்தாண்டு வரை இப்படியேதான் உட்கார்ந்திருப்பேன்.

போன குளிரில் உன்னை இங்கே கூட்டி வந்தேனே, நினைவிருக்கிறதா? வரப்புக்கு அந்தப் பக்கம் அரசாங்கக் காப்பகம் இருக்கிறது, பறவை பார்க்க மேடை கட்டி வைத்திருக்கிறார்கள், அங்கே போய்ப் படம் எடு என்று தலைபாடாக அடித்துக்கொண்டேன். "அங்கேருந்து பாத்தா வாத்தெல்லாம் கடுகு மாதிரி தெரியுதுடா" என்று மூக்கைச் சிந்தினாய். மனசு கேட்காமல், இந்தக் குளத்தில் வலை போடும் மற்ற பதினொரு பங்குக்காரர்களுக்கும் தெரியாமல், விடிவதற்குள் உனக்குக் கோணியைப் போர்த்தி உள்ளே விட்டேன். வேலியில் போன ஓணான் கதைதான்.

உன் படம் முதல் பரிசு வாங்கியது. பத்திரிகையில் ஊர் பேரோடு வந்தது. இந்தப் பருவத்தின் முதல் நாள், நாங்கள் மூச்சை அடக்கிக்கொண்டு காத்திருந்தபோது, காப்பகத்து ஜீப் ஹார்ன் அடித்துக்கொண்டு வரப்பு மேலேயே வந்து நின்றது. குளத்தில் இருந்த வாத்து அத்தனையும் எழுந்து போனது. ஒன்பது நாள் ஒன்றுகூடத் திரும்பவில்லை. இவ்வளவு காட்டு வாத்து இறங்கும் இடத்தில் வலை எதற்கு, இந்தக் குளத்தையும் காப்பகத்தோடு சேர்த்துவிடலாம் என்று விசாரணை நோட்டீஸ் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

எங்கள் பழைய வழக்கம் உனக்குத் தெரியும். குளத்தின் அமைதியை எவன் கெடுத்தானோ, அவன்தான் அதைக் காக்க வேண்டும். ரொட்டி மேல் கை வைத்துச் சத்தியம் செய்தேன். நவ்ரூஸ் வரை வரப்பைத் தாண்டக் கூடாது, பன்னிரண்டு பேருக்காகவும் நானே வலைக்கயிற்றை இழுக்க வேண்டும். தாண்டினால் குளத்தில் என் இடம் போய்விடும். பத்தடிக்குப் பத்தடி குடில். இரும முடியாது, புகைக்க முடியாது. பங்குக்காரன் ஷாபான் தினமும் சோற்றுப் பானையோடு வரப்புக்கு வருவான். இந்தக் கடிதமும் அவன் கையில்தான் வெளியே போகிறது.

இதில் வேடிக்கை ஒன்று இருக்கிறது. உன் படத்தைப் பெரிய சுவரொட்டியாக அடித்து, வரப்புக்கு இந்தப் பக்கம் எனக்கு நேர் எதிரே இருக்கும் மரத்தில் ஆணியடித்து மாட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். பனிமலைக்கு முன்னால் ஒரு பெட்டை வாத்து சிறகை விரித்துப் பறக்கிறது, கீழே 'விடுதலை' என்று எழுதியிருக்கிறது. காலை முதல் மாலை வரை நான் பார்ப்பது அதைத்தான். மூன்றாம் நாள்தான் எனக்குச் சிரிப்பு வந்தது. அக்கா, அது நம் பேகம்.

என் கோழி அடைகாத்துப் பொரித்த பேகம். காட்டு வாத்துகளைக் கூட்டி வந்து வலைக்கு முன் இறக்கிவிட நான் பழக்கிய பேகம். இருநூறு வாத்து பறந்தாலும் அவளை எனக்குத் தெரியும். விடுதலையாம்!

உன் தம்பி
எஸ்கந்தர்


தெஹ்ரான்
ஆஸர் 29

எஸ்கந்தர் ஜான்,

நாளை யல்தா, வருடத்தின் நீண்ட இரவு. மாதுளை வாங்கி வைத்திருக்கிறேன், உரித்துத் தின்னத்தான் ஆள் இல்லை. நீ குளத்துக்குள் அடைபட்டிருப்பது உன் கடிதம் பார்த்துத்தான் தெரியும். வருத்தமாக இருக்கிறது. ஆனால் ஹார்ன் அடித்தது நானில்லை. ஊர் பேரைப் பத்திரிகைக்குக் கொடுத்ததும் நானில்லை, பரிசுக்குழு கொடுத்தது.

அந்த வாத்தைப் பற்றிச் சொன்னாயே, அது உன் பிரமை. வருடம் முழுவதும் வாத்து முகத்திலேயே விழித்தால் எல்லா வாத்தும் பேகமாகத்தான் தெரியும். பேகத்தின் அலகில், நரி கடித்த இடத்தில், ஒரு பிளவு இருக்கும். என் படத்தில் இருக்கும் வாத்துக்கு அலகு முழுசாக இருக்கிறது. போய் நன்றாகப் பார், உனக்கு நேரமா இல்லை?

இன்னொரு செய்தி. காப்பக அலுவலகத்திலிருந்து இன்ஜினியர் ஸொஹூரி எழுதியிருக்கிறார். அடுத்த வருடம் முதல் காப்பகத்துக்கு ஒரு படப்பதிவாளர் வேலை போடுகிறார்களாம். தங்க அறை, படகு, ஐந்நூறு மில்லிமீட்டர் லென்ஸ். என்னைத்தான் நினைத்திருக்கிறார்கள்.

என் ஜன்னலை நீ பார்த்ததில்லை. திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் சுவர், கையை நீட்டினால் தொடலாம். பத்தொன்பது வருடமாக அந்தச் சுவரைப் பார்த்து எழுந்து, தவளையின் இதயத்தில் மூன்று அறைகள் என்று பாடம் நடத்திவிட்டு, மறுபடி அந்தச் சுவருக்கே வந்து சேர்கிறேன். குளிரில் அங்கே வந்து நாணலுக்குள் உட்காரும் பத்து நாள் மட்டும்தான் நான் நானாக இருக்கிறேன். அந்தப் பத்து நாள் முந்நூற்று அறுபத்தைந்தாகப் போகிறது. எனக்காகக் கொஞ்சம் சந்தோஷப்படேன்.

உன் அக்கா


சியாகோல்
தெய் 9

அக்கா,

நன்றாகப் பார் என்று சொன்னாய். ஒரு நாள் பனிமூட்டம் கெட்டியாக இருந்தபோது குனிந்து நடந்து அந்த மரம் வரை போனேன். மூக்கு படும் தூரத்தில் நின்று பார்த்தேன். அலகு முழுசாகத்தான் இருக்கிறது.

ஆனால் இடது சிறகில் நீலப் பட்டைக்கு மேலே மூன்றாவது இறகு இல்லை. அந்த இறகைப் பிடுங்கியது நான். அது ஒவ்வொரு வருடமும் கோணலாக முளைக்கும், நான் பிடுங்குவேன். அலகை யார் தைத்தது அக்கா? தெஹ்ரானில் வாத்துக்கு வைத்தியர் இருக்கிறாரா? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கலாம் என்று பார்த்தாய், சோறு போதவில்லை.

சண்டை போட இதை எழுதவில்லை. உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும், நான்கு நாளாகக் காகிதத்தை எடுப்பதும் வைப்பதுமாக இருக்கிறேன்.

வீட்டில் மாசூமே உண்டாகியிருக்கிறாள். உனக்கு எழுத வேண்டாம், கண் படும் என்று அவள்தான் தடுத்தாள். எஸ்ஃபந்த் மாத முதல் வாரத்தில், நவ்ரூஸுக்கு மூன்று வாரம் முன்னால், பிரசவம் என்கிறாள் மருத்துவச்சி.

ஐந்து வருடத்துக்கு முன்னால் நடந்ததை நீயும் நானும் பேசியதே இல்லை. அன்று காலையில் நான் இதே குடிலில்தான் இருந்தேன். வீட்டில் குழந்தை பிறந்தது, ஒரு மணி நேரம் உயிரோடு இருந்தது. சொல்ல வந்தவன் வரப்பிலேயே நின்றுவிட்டான். குளத்தில் பெரிய கூட்டம் இறங்கியிருந்தது, அது எழும்வரை யாரும் என்னிடம் வரவில்லை. அதுதான் விதி, நானாக இருந்தாலும் அப்படித்தான் நின்றிருப்பேன். நான் போய்ச் சேர்ந்தபோது துணி சுற்றிவிட்டார்கள். மாசூமே என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

இப்போது அவள் தினமும் காலையில் சிவப்புப் போர்வையை எங்கள் வீட்டுக் கொடியில் போடுகிறாள். கயிறு இழுக்கும் ஓட்டை வழியாகப் பார்த்தால், வயலுக்கு அப்பால் அது தெரியும். தெரிந்தால் அவள் நலம். அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு டீ இறங்கும்.

எங்கள் பங்குக்காரர்களுக்குத் தலைவர் ஹாஜி நேமத்திடம் கேட்டுப் பார்த்தேன். "நோட்டீஸ ரத்து பண்ணச் சொல்லு, உன்னைய அன்னிக்கே விட்டுர்றோம்" என்றார். நோட்டீஸே உன் படத்தை வைத்துத்தான். அது காட்டு வாத்து இல்லை, வீட்டு வாத்து என்று நீ ஒரு வரி எழுதிக் கொடுத்தால் போதும். உன் வேலை என்னாகும் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்துதான் கேட்கிறேன்.

எஸ்கந்தர்


தெஹ்ரான்
தெய் 18

எஸ்கந்தர்,

தூரிகையால் தொட்டேன். அவ்வளவுதான்.

படத்தைப் பெரிதாக்கும் கருவியில் பார்த்த உடனேயே எனக்குத் தெரியும். என் கையிலிருந்து நெல் தின்றவளை எனக்குத் தெரியாதா? பிளவு வழியாகப் பின்னாலிருந்த பனி ஒரு வெள்ளைப் புள்ளியாகத் தெரிந்தது. தூசி விழுந்த இடத்தை மறைக்க எல்லோரும் மை தொடுவார்கள், அது தவறில்லை. இதுவும் தூசி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு தொட்டேன். ஒரே ஒரு புள்ளி. அன்று சந்தோஷமாகத் தூங்கினேன், அதுதான் இப்போது கேவலமாக இருக்கிறது.

மாசூமேயின் செய்தி படித்து அழுதேன். நீ கேட்டதற்குப் பதில் இன்னும் என்னிடம் இல்லை. கோபப்படாதே. பள்ளியில் ராஜினாமா கடிதம் எழுதி மேசையில் வைத்திருக்கிறேன், தலைமையாசிரியையிடம் கொடுக்கத்தான் பாக்கி. ஐம்பதை நெருங்கும்போது ஒரு கதவு திறந்தால் அதை நீயே சாத்து என்று சொல்வது எவ்வளவு பெரிய பேச்சு தெரியுமா? எனக்குக் கொஞ்சம் நாள் கொடு.

கு.


சியாகோல்
தெய் 30

அக்கா,

பனி விழுகிறது. இரண்டு நாளாகக் கொடியில் போர்வை இல்லை. பனிக்காகப் போடவில்லையா, வேறு ஏதாவதா என்று தெரியவில்லை. ஷாபானும் வரவில்லை, வழி மூடிவிட்டது. வரப்பு மேல் ஏறி நின்றேன். ஒரு கால் அந்தப் பக்கம் வைத்தேன். பிறகு எடுத்துவிட்டேன். இந்த இடமும் போனால் பிறக்கப்போகும் குழந்தைக்கு நான் எதைப் போட்டு வளர்ப்பது?

பேகம் குடில் வாசலில் வந்து படுத்திருக்கிறாள். கதவு திறந்தே இருக்கிறது, சிறகும் இருக்கிறது, போகமாட்டேன் என்கிறாள். அவளைப் பார்த்தால் எனக்கு எரிச்சலாக வருகிறது.

நாள் எடுத்துக்கொள். என்னிடம் நாளைத் தவிர வேறென்ன இருக்கிறது?

எஸ்.


சாரி நகரப் பேருந்து நிலையம்
பஹ்மன் 8

எஸ்கந்தர் ஜான்,

போர்வை பனிக்காகத்தான் போடவில்லை. மாசூமே நலம். ஊர்க் கடைக்குத் தொலைபேசி போட்டு, அவளைக் கூட்டிவரச் சொல்லிப் பேசினேன். "அவருக்கு ஒண்ணும் சொல்லாதீங்க அண்ணி, பாவம், ஏற்கெனவே வாத்து மாதிரி ஆயிட்டாரு" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்ட பிறகு என்னால் நாள் எடுத்துக்கொள்ள முடியவில்லை. மறுநாளே பஸ் ஏறினேன்.

நேராக இங்கே இருக்கும் காப்பக அலுவலகத்துக்குப் போய், இன்ஜினியர் ஸொஹூரியின் மேசையில் நெகடிவ்வை வைத்தேன். பூதக்கண்ணாடியும் நானே கொண்டு போயிருந்தேன். இது பழக்கிய வாத்து, அலகை நான் மூடினேன், பரிசைத் திருப்பித் தருகிறேன், இதை வைத்துக் குளத்துக்கு நோட்டீஸ் கொடுப்பது நியாயமில்லை என்றேன். வழியெல்லாம் மனப்பாடம் செய்த பேச்சு, ஒரு மூச்சில் முடிந்துவிட்டது.

அவர் கண்ணாடி வழியாகப் பார்த்தார். டீ வரவழைத்தார். "அம்மா, போஸ்டர் பாக்கறவன் இது நாட்டு வாத்தா காட்டு வாத்தான்னு கேக்கவா போறான்? இருபதாயிரம் காலண்டர் அச்சடிச்சாச்சு. நோட்டீஸ் மேலிடத்துக்குப் போயாச்சு. நீங்க சும்மா இருந்தா எல்லாருக்கும் நல்லது" என்றார். வேலை? என்றேன். "அது வந்து... நம்பிக்கை சம்பந்தப்பட்ட பதவி, பாருங்க" என்று கையைப் பிசைந்தார். படம் அவர்களுக்கு வேண்டும், நான்தான் வேண்டாம். அந்த டீயை நான் குடிக்கவில்லை.

ஆக, உண்மையைச் சொல்லி உன்னை மீட்கலாம் என்று வந்தேன். என் கதவைச் சாத்திக்கொண்டதுதான் மிச்சம், உன் கதவு திறக்கவில்லை.

பஸ் நிலைய பெஞ்சில் உட்கார்ந்து உன் முதல் கடிதத்தை மறுபடி படித்தேன். 'அமைதியை எவன் கெடுத்தானோ அவன்தான் காக்க வேண்டும்.' கெடுத்தது நீயா, நானா? ஹாஜி நேமத்திடம் இதைக் கேள். உள்ளே உட்கார வேண்டியது நான்தானே? மாசூமேயின் நாளுக்கு முன்னால் நீ வீட்டில் இருப்பாய். நான் இன்று மாலை உன் வீட்டுக்கு வருகிறேன். பதிலை அங்கேயே கொடுத்தனுப்பு.

அக்கா


சியாகோல்
பஹ்மன் 14

அக்கா,

உனக்குப் பைத்தியம் பிடித்திருக்கிறது என்று முதலில் எழுதிவிடுகிறேன்.

பங்குக்காரர்கள் நேற்று இங்கே கூடினார்கள். குளத்துக்குள் சண்டை போட்டால் எப்படி இருக்கும் தெரியுமா? பன்னிரண்டு பேரும் பல்லைக் கடித்துக்கொண்டு, கிசுகிசு குரலில் ஒருத்தரை ஒருத்தர் கழுதை என்றோம். ரஜப் சொன்னான், "பொம்பளை உக்காந்தா குளம் வத்திரும்." ஷாபான் சொன்னான், "போன வருசம் உக்காந்துதானே அந்தப் படமே எடுத்தா? குளம் வத்துச்சா, உன் மூளை வத்துச்சா?" ஹாஜி நேமத் தாடியை உருவிக்கொண்டே யோசித்தார். பெண் உட்காரக் கூடாது என்று வழக்கத்தில் எங்குமே இல்லை, ஏனென்றால் அது யாருக்கும் இதுவரை தோன்றவில்லை.

கடைசியில் ஒப்புக்கொண்டார்கள். நிபந்தனை இருக்கிறது. கேமரா வரக் கூடாது. பளிச்சென்ற துணி உடுத்தக் கூடாது. நவ்ரூஸ் வரை வரப்பைத் தாண்டக் கூடாது. கூட்டம் இறங்கினால் கயிற்றை நீதான் இழுக்க வேண்டும். எதிர்க்கரையில் ஷாபான் ஒளிந்திருந்து கை காட்டுவான். இறங்கிய கூட்டத்தை மூன்று முறை கோட்டை விட்டால் என் இடம் போய்விடும்.

காட்டுப் பறவைக்காக உருகி உருகிப் படம் எடுத்தவள் நீ. வலை மூடும்போது ஒரு சத்தம் வரும், அதை நீ கேட்டதில்லை, போன வருடம் நீ வந்தபோது நான் இழுக்கவில்லை. உன்னால் முடியாது என்றால் வராதே. நான் உன்னைத் தப்பாக நினைக்க மாட்டேன். கொஞ்சம் நினைப்பேன், ஆனால் காட்டிக்கொள்ள மாட்டேன்.

எஸ்கந்தர்


குளக்குடில்
பஹ்மன் 27

எஸ்கந்தர் ஜான்,

வரப்பில் நீ வெளியேயும் நான் உள்ளேயும் கால் வைத்தபோது என் பச்சை முக்காட்டை அவிழ்த்து உன் கையில் திணித்தேன், நீ உன் சாம்பல் கோட்டைப் போர்த்திவிட்டாய். அதில் பூண்டு ஊறுகாய் வாசனை. துவைத்து எத்தனை வருடம் ஆகிறது?

கேமரா இல்லாமல் பார்ப்பது பழகவே நான்கு நாள் ஆனது. எதைப் பார்த்தாலும் வலது ஆள்காட்டி விரல் தானாக அசைகிறது. போன வருடம் என் லென்ஸை நீட்டிய அதே ஓட்டையில்தான் இப்போது கயிறு போகிறது. ஊசிவால் வாத்துகள் கழுத்தை நீட்டிக்கொண்டு வருகின்றன. கிளுவை வாத்துகள் குளிரில் ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு மிதக்கின்றன, அவற்றின் மூச்சுகூட ஆவியாகத் தெரிகிறது. இதையெல்லாம் எடுத்திருந்தால் இன்னும் இரண்டு பரிசு வந்திருக்கும். போகட்டும்.

நேற்று விடிந்ததும் முதல் கூட்டம் இறங்கியது. பேகம் முன்னால், மற்றவை பின்னால். ஷாபான் கை காட்டினான். இழுத்தேன்.

நீ சொன்ன சத்தம் கேட்டது. முப்பத்தெட்டு வாத்து. மற்றவை எல்லாம் சிறகை அடித்துக்கொண்டு புரண்டன. பேகம் மட்டும் வலைக்குள் அசையாமல் நின்று, நெல் எங்கே என்று என்னைப் பார்த்தாள். பிளவுபட்ட அலகு, நான் மூடிய இடம். அவளை வெளியே எடுத்தபோது எனக்கு அவள் மேல் அவ்வளவு கோபம் வந்தது. சாப்பாட்டுக்காகத் தெரிந்தே தினமும் வலைக்குள் வருகிறாயே என்று திட்டினேன். திட்டிக்கொண்டிருக்கும்போதே அந்தச் சுவரும் பத்தொன்பது வருடமும் நினைவுக்கு வந்தன. பிறகு அவளைத் திட்டவில்லை, நெல் போட்டேன்.

வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். இங்கே அழுவதற்கும் அதுதான் விதி. நீ இத்தனை வருடம் இதைத்தான் செய்துகொண்டிருந்தாய், நானோ உன் சமையலறையில் உட்கார்ந்து வாத்துக்கறி தின்றுகொண்டே காட்டுயிர் பற்றி உனக்குப் பாடம் நடத்தியிருக்கிறேன். மன்னித்துக்கொள்.

போர்வை தினமும் தெரிகிறது. தெரிந்த பிறகுதான் எனக்கும் டீ இறங்குகிறது.

அக்கா


சியாகோல், வீடு
எஸ்ஃபந்த் 3

அக்கா,

ஷாபான் எல்லாம் சொன்னான். "உன் அக்கா கயிறு இழுக்கறது உன்னைவிட ஒழுங்கா இருக்குடா" என்கிறான். வயிறு எரிகிறது.

மருத்துவச்சி வீட்டிலேயே தங்கிவிட்டாள். வலி எப்போது வேண்டுமானாலும் வரலாம். மாசூமே என் கையை விடமாட்டேன் என்கிறாள், தண்ணீர் எடுக்கப் போனால்கூட எங்கே என்கிறாள். அதனால் கடிதம் சின்னது.

உனக்குச் செய்தி சொல்ல ஆள் அனுப்ப முடியாது, கூட்டம் இறங்கியிருந்தால் வரப்பிலேயே நிற்பான். நம் கொடியைப் பார்த்துக்கொள். குழந்தை நல்லபடியாகப் பிறந்தால் சிவப்புப் போர்வைக்குப் பக்கத்தில் வெள்ளைத் துணி போடுவேன். பெண் என்றால் உன் பச்சை முக்காட்டையும் சேர்த்துப் போடுவேன். வலி வந்துவிட்டால் கொடியைக் கவனிக்க எனக்கு நேரம் இருக்காது. வேறெதையும் எழுத எனக்குத் தைரியம் இல்லை.

எஸ்கந்தர்


குளக்குடில்
எஸ்ஃபந்த் 8

எஸ்கந்தர் ஜான்,

நேற்று முன்தினம் கொடி வெறுமையாக இருந்தது. நேற்றும் வெறுமை. பனியும் இல்லை, மழையும் இல்லை, நல்ல வெயில். ஷாபானிடம் கை ஜாடையில் கேட்டேன், தெரியாது என்று தலையாட்டினான். சோற்றுப் பானையை மூடி வைத்துவிட்டேன். ஐந்து வருடத்துக்கு முன்னால் இந்த இடத்தில் உட்கார்ந்து ஒன்றும் தெரியாமல் டீ குடித்துக்கொண்டிருந்தாயே, அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். வரப்பு மேல் நானும் ஏறி நின்றேன். நானும் இறங்கிவிட்டேன்.

இன்று காலை பேகம் இதுவரை நான் பார்க்காத அளவுக்குப் பெரிய கூட்டத்தோடு வந்தாள். எண்பது இருக்கும், பாதிக்கு மேல் பச்சைத்தலை ஆண் வாத்துகள். வலைக்கு முன்னால் வந்து நெருக்கமாக இறங்கின. கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு ஓட்டை வழியாகப் பார்த்தேன்.

வாத்துகளுக்கு மேலே, வயலுக்கு அப்பால், சிவப்பு தெரிந்தது. அதன் பக்கத்தில் வெள்ளை. கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தேன். கொடியின் கடைசியில் என் பச்சை முக்காடு ஆடிக்கொண்டிருந்தது.

எஸ்கந்தர், கத்த வேண்டும்போல் இருந்தது. ஊருக்கே கேட்கும்படி உன் பெயரையும் மாசூமே பெயரையும் சொல்லிக் கத்த வேண்டும்போல் இருந்தது. உன் கோட்டின் கையை வாயில் அடைத்துக்கொண்டேன். எதிர்க்கரையில் ஷாபான் கை காட்டினான். மறுபடி காட்டினான். பிறகு இரண்டு கையையும் தூக்கிக் காட்டினான், கிட்டத்தட்ட ஆடினான், பாவம்.

நான் கயிற்றை அவிழ்த்துக் கீழே வைத்துவிட்டேன். அவை நிதானமாக மேய்ந்தன, அலகால் இறகைக் கோதின. வெயில் ஏறியதும் தாமாகவே எழுந்து காப்பகத்துப் பக்கம் போயின. பேகம் மட்டும் போகவில்லை, வாசலுக்கு வந்து நெல் கேட்டாள்.

மதியம் ஷாபான் பானையோடு வந்து, "என்னாச்சு? கை மரத்துப் போச்சா?" என்று கிசுகிசுத்தான். "பொண்ணு பொறந்திருக்கு" என்றேன். அவன் பானையை இறக்கி வைத்தான். "ஹாஜிகிட்ட ஒண்ணு போச்சுன்னுதான் சொல்லணும் அக்கா" என்றான். சொல் என்றேன்.

மூன்றில் ஒன்றை உன் மகளுக்காகச் செலவழித்துவிட்டேன். நாளை காலை ஷாபான் கை காட்டினால் இழுப்பேன், பயப்படாதே. நவ்ரூஸுக்கு இருபத்திரண்டு நாள் இருக்கிறது. இன்னும் இரண்டு என்னிடம் பத்திரமாக இருக்கிறது.

குல்பஹார்